கடைசிச் சுற்று என்றார்கள், அதற்குப் பிறகும் அழைத்தார்கள்

கேள்வி: பட்டப்படிப்பை முடித்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ஒரு நிறுவனத்தில் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பித்தேன். ஆன்லைன் தேர்வு, எச்.ஆர். போனில் பேசியது, இரண்டு டெக்னிக்கல் சுற்றுகள், சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து செய்த அசைன்மென்ட், அதை ஐந்து பேர் முன்னால் விளக்கியது, மேனேஜர் சுற்று என்று எட்டு வாரம் ஓடியது. ‘இதுதான் கடைசி’ என்றார்கள். பிறகு மூன்று வாரம் பேச்சே இல்லை. திடீரென்று அழைத்து, ‘டைரக்டர் சும்மா கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்கிறார்’ என்றார்கள். அவரும் அதே கேள்விகளைத்தான் கேட்டார். ‘இதையெல்லாம் மற்றவர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்’ என்று சொல்லி, சுருக்கமாகப் பதில் தந்தேன். பத்து நாள் கழித்து என் பெயர்கூட இல்லாத ஒரு மெயில்: ‘தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை.’ காரணம் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. இவர்களை நம்பி, நடுவில் வந்த வேறு இரண்டு அழைப்புகளையும் தள்ளிப்போட்டு விட்டுவிட்டேன். என்னிடம் என்னதான் குறை? இப்போது இன்னொரு நிறுவனம் அழைத்து ஐந்து சுற்று என்கிறது. போகவே மனம் வரவில்லை. பழைய நிறுவனத்தில் வேறு வேலை வந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாமா?

பதில்:

மூன்று மாதம் ஒருவரை இழுத்தடித்துவிட்டு, பெயர்கூடப் போடாத ஒரு மெயிலில் முடித்துக்கொண்டது மரியாதை கெட்ட செயல். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை உலகம் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் பழகிக்கொள்ளக் கூடாது. வந்தவரின் நேரத்தை மதித்து, சொன்ன தேதிக்குள் முடிவு சொல்லும் நிறுவனங்கள் நிறையவே இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நீங்கள் சேர வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

‘என்னிடம் என்ன குறை’ என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை தெரியாதவர் என்ற குறை உங்களிடம் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆன்லைன் தேர்வும் டெக்னிக்கல் சுற்றுகளும் வடிகட்டுவதற்கென்றே வைக்கப்படுபவை. அங்கே தேறாதவரை யாரும் மேலே அனுப்புவதில்லை. உங்கள் அசைன்மென்டைக் கேட்க ஐந்து பேர் நேரம் ஒதுக்கினார்கள், அதற்குப் பிறகு மேனேஜர் பார்த்தார், அதற்கும் பிறகு டைரக்டர் வரை போனீர்கள் என்றால், ‘இவரால் இந்த வேலையைச் செய்ய முடியும்’ என்று நாலைந்து பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தைத் தாண்டிய பிறகு திறமையை யாரும் சோதிப்பதில்லை. மிஞ்சியிருக்கும் இரண்டு மூன்று பேரில் யாரை எடுப்பது என்று தெரியாமல் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தின் செலவைத்தான் உங்கள் தலையில் கட்டினார்கள்.

அந்த மூன்று வார மௌனத்தில் உள்ளே என்ன நடக்கும் என்பதை ஆள் எடுக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரும்பாலும் நடப்பது இது: முதலிடத்தில் வைத்த ஒருவருக்கு ஆஃபர் போயிருக்கும். அவர் யோசிக்க நேரம் கேட்டிருப்பார், அல்லது சம்பளம் பேசிக்கொண்டிருப்பார். அவர் வராமல் போனால் இரண்டாமவரை அழைக்க வேண்டும் என்பதால் இரண்டாமவருக்கு ‘இல்லை’ என்றும் சொல்ல மாட்டார்கள், ‘ஆம்’ என்றும் சொல்ல மாட்டார்கள். வேறு சில நேரங்களில் அந்தப் பதவிக்கான நிதி ஒப்புதலே நின்றுபோயிருக்கும். ஆள் கேட்ட மேனேஜர் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார். ‘உள்ளேயே ஒருவர் இருக்கிறாரே, அவரை மாற்றிப் போடலாமே’ என்று மேலிடத்தில் யாராவது கேட்டிருப்பார்கள். இந்தக் காத்திருப்பெல்லாம் அலுவலகத்துக்குள் சாதாரணமாகப் பேசப்படும். வெளியே காத்திருப்பவருக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அவரோ தன் ஒவ்வொரு பதிலையும் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்து, ‘எங்கே தவறினேன்’ என்று தேடிக்கொண்டிருப்பார். நீங்கள் அந்த மூன்று வாரத்தில் அப்படித் தேடியது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. தேடிய இடத்தில் விடை இருந்திருக்க வாய்ப்பே குறைவு.

சுற்றுகள் ஏன் இத்தனை நீள்கின்றன? ஒருவர் மட்டும் முடிவெடுத்து அது தவறாகப் போனால் அவர் பதில் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் கூடி எடுத்த முடிவுக்கு யாரையும் கேட்க முடியாது. பல நிறுவனங்களில் சுற்றின் எண்ணிக்கை கூடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இருப்பதில்லை. கூகுள் தன் தொடக்க ஆண்டுகளில் சிலருக்கு 25 நேர்காணல்கள் வரை நடத்தியது. பின்னர் தன்னிடமிருந்த பதிவுகளையே ஆராய்ந்து பார்த்தபோது, நான்கு நேர்காணல்களிலேயே ஒருவரை எடுக்கலாமா வேண்டாமா என்பதை 86 சதவீத உறுதியுடன் கணித்துவிட முடிகிறது, அதற்கு மேல் சேரும் ஒவ்வொரு நேர்காணலும் சுமார் ஒரு சதவீதத்தைத்தான் கூட்டுகிறது என்று தெரிந்தது. அதன்பின் நான்கு போதும் என்பதை விதியாகவே வைத்துக்கொண்டார்கள். விமானம் ஓட்டுபவரையோ அறுவை சிகிச்சை செய்பவரையோ தேர்ந்தெடுக்க அதிகச் சோதனை தேவை என்றால் அது நியாயம். படிப்பை முடித்து முதல் வேலைக்கு வரும் ஒருவருக்கு, நிறுவனம் தான் எதைத் தேடுகிறது என்பதில் தெளிவாக இருந்தால், மூன்று சந்திப்புகளே போதும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து அந்த ‘சும்மா பேசும்’ சுற்று. உங்களுக்கு அதிகம் வலித்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். நேர்காணல்களில் இரண்டு வகை உண்டு. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் முன்பே வகுத்த அளவுகோலின்படி மதிப்பெண் போடுவது ஒன்று. திட்டம் எதுவும் இல்லாமல் பேசிப் பார்த்து, ‘எனக்கு என்ன தோன்றுகிறது’ என்று முடிவு செய்வது மற்றொன்று. நேர்காணல் மதிப்பீட்டுக்கும் பின்னர் வேலையில் காட்டும் திறனுக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் எண்ணாகக் குறிப்பிடுவார்கள். பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம். பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் பல்லாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2022-இல் மறுபடி கணக்கிட்டபோது, வகுத்து நடத்தும் நேர்காணலுக்கு 0.42 கிடைத்தது. அவர்கள் ஒப்பிட்ட தேர்வு முறைகளில் அதுதான் முதலிடம். திட்டமில்லாத பேச்சுக்குக் கிடைத்தது 0.19. உங்களைப் பற்றி நன்றாக அறிய உதவிய சுற்றுகள் முன்பே முடிந்திருந்தன. ஆக, கடைசியில் உங்களை நிறுத்தியது, ஒருவரை அறிவதற்கு மிகக் குறைவாகப் பயன்படும் சுற்று. அதை வைத்து உங்களை நீங்களே எடைபோட்டுக்கொள்ள வேண்டாம்.

இதே விஷயத்தை இன்னும் தெளிவாகக் காட்டும் ஒரு நிகழ்வு உண்டு. 1979-இல் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, 800 பேரை நேர்காணல் செய்து, தரவரிசைப்படி 150 மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, இன்னும் 50 பேரைச் சேர்க்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் உத்தரவிட்டது. தரவரிசையில் மேலே இருந்தவர்கள் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருந்தவர்கள் 700-க்கும் 800-க்கும் இடையே, அதாவது அடிமட்டத்தில் இருந்தவர்கள். நேர்காணல் ‘இவர்கள் வேண்டாம்’ என்று தள்ளியவர்களிலிருந்தே 50 பேரை எடுத்தார்கள். படிப்பின் போதும், படிப்பை முடித்து மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்களாக இருந்த முதல் ஆண்டிலும் இரு கூட்டத்தாரையும் ஒப்பிட்டபோது, குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. இந்த ஆய்வு 1987-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அந்த 50 பேரும் அந்த உத்தரவு வராமல் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்? மருத்துவராகத் தனக்குத் தகுதி இல்லை என்றுதான். நீங்கள் இப்போது நினைப்பதும் அதே வகைதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தை மட்டும் தொட்டுப் பேசியாக வேண்டும். டைரக்டரிடம் ‘இதையெல்லாம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்’ என்றீர்களே, அது.

உங்கள் சலிப்பு நியாயமானது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவரின் நிலையைக் கொஞ்சம் பாருங்கள். மற்றவர்களிடம் நீங்கள் சொன்னது அவருக்குத் தெரிந்திருக்காது. பல நிறுவனங்களில் முந்தைய சுற்றின் குறிப்புகளை அடுத்தவர் பார்க்கக் கூடாது என்றே வைத்திருப்பார்கள், ஒருவரின் எண்ணம் மற்றவரைச் சாய்த்துவிடக் கூடாது என்பதற்காக. உங்களுக்கு அது நான்காவது முறை, அவருக்கு முதல் முறை. அதிலும் நீங்கள் கேட்டது டேட்டா அனலிஸ்ட் வேலை. அந்த வேலையில் ஒரே வரைபடத்தை விற்பனைப் பிரிவுக்கு ஒரு முறை, நிதிப் பிரிவுக்கு ஒரு முறை, மேலிடத்துக்கு ஒரு முறை என்று திரும்பத் திரும்ப விளக்க வேண்டும். ஒவ்வொருவரும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். ‘அவர்களிடம் சொல்லிவிட்டேன்’ என்ற பதிலை அந்த டைரக்டர் வேலையின் ஒரு மாதிரியாகவே எடுத்துக்கொண்டிருக்கக் கூடும். இருவர் சமமாக நிற்கும்போது ஒரு வாக்கியம் தராசைச் சாய்க்கும். உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் குறை அல்ல அது. பழகினால் சரியாகும்.

எப்படிப் பழகுவது? கல்லூரி ப்ராஜெக்ட், இன்டர்ன்ஷிப், குழுவாகச் செய்த வேலை, சொதப்பிப் பின் சரிசெய்த வேலை என்று ஐந்தாறு சம்பவங்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். என்ன பிரச்சினை, நான் என்ன செய்தேன், என்ன விளைந்தது, இன்று செய்தால் எதை மாற்றுவேன் என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி. சுற்றுகள் நீண்டால் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு சம்பவத்தைச் சொல்லுங்கள். ‘இதைப் பற்றி டெக்னிக்கல் சுற்றில் ஒரு உதாரணம் சொன்னேன். உங்களுக்கு வேறொன்று சொல்கிறேன்’ என்று தொடங்கினால், ஏற்கெனவே பேசியதும் தெரிவிக்கப்பட்டுவிடும், கேட்பவருக்கும் புதிதாக ஏதோ கிடைக்கும். நீங்களும் சொன்னதையே சொல்லிச் சலிக்க மாட்டீர்கள். ஒவ்வொரு சுற்றும் முடிந்த அன்றே, யார் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று குறித்து வையுங்கள். ஏனென்றால் எல்லாச் சுற்றும் முடிந்தபின் நேர்காணல் செய்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து குறிப்புகளை ஒப்பிடுவார்கள். உதாரணங்கள் மாறலாம், தவறில்லை. ‘ஏன் இந்த வேலை’ என்பதற்கு ஒருவரிடம் ஒன்றும் இன்னொருவரிடம் வேறொன்றும் சொல்லியிருந்தால் அது அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். நல்ல திறமையோடு வந்தவர்கள் அந்த ஒரு காரணத்தால் விடுபட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

திட்டமில்லாத பேச்சுக்கு அழைத்தால் திட்டத்தை நீங்கள் கொண்டு போங்கள். ‘இந்தப் பதவியில் வருபவர் முதல் ஆறு மாதத்தில் எதைச் செய்து முடித்தால் நீங்கள் திருப்தி அடைவீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் சம்பவத்தை உங்கள் தாளிலிருந்து எடுத்துச் சொல்லுங்கள். பேச்சு அதன்பின் உங்கள் வேலையைப் பற்றியதாக மாறிவிடும்.

அசைன்மென்ட் பற்றி நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது சிறிய விஷயமாகத் தோன்றவில்லை. இரண்டு நாள் முழுக்கக் கூலியில்லாமல் உழைத்திருக்கிறீர்கள். இனி அசைன்மென்ட் வந்தால் தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்: இதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று எதிர்பார்க்கிறீர்கள், எதை வைத்து மதிப்பிடுவீர்கள், செய்து முடித்தபின் யாராவது என்னுடன் உட்கார்ந்து பேசுவார்களா? மூன்று நான்கு மணி நேரத்துக்குள் முடியும் வேலை என்றால் செய்யலாம். அதற்கு மேல் போனால், ‘இதன் ஒரு பகுதியை முழுமையாகச் செய்து தருகிறேன், மீதிக்கு எப்படி அணுகுவேன் என்று எழுதித் தருகிறேன்’ என்று சொல்வதில் தவறே இல்லை. சொன்னதற்காக உங்களைத் தள்ளும் நிறுவனம், சேர்ந்த பிறகும் உங்கள் சனி ஞாயிறைக் கேட்கும். நிறுவனத்தின் உண்மையான வாடிக்கையாளர் தகவல்களைத் தந்து, அப்படியே பயன்படுத்திக்கொள்ளும்படியான வேலையைக் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள். அணுகுமுறையைக் காட்டுங்கள், முழு ஃபைலையும் கொடுத்துவிடாதீர்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரும் தேதியும் ‘தேர்வுக்காக மட்டும்’ என்ற குறிப்பும் இருக்கட்டும்.

இனி, இந்தக் கடிதத்தில் என்னை உண்மையிலேயே வருத்தப்பட வைத்த இடம். அவர்களை நம்பி வேறு இரண்டு அழைப்புகளைத் தள்ளிப்போட்டீர்கள் என்றீர்களே, அங்கேதான் இழப்பு நடந்தது. கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, அதில் சம்பளமும் சேரும் தேதியும் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும் வரை எந்தத் தேடலையும் நிறுத்தாதீர்கள். ‘கிட்டத்தட்ட முடிந்துவிட்டது’, ‘உங்களைத்தான் நினைத்திருக்கிறோம்’, ‘வெறும் ஃபார்மாலிட்டிதான்’ என்று போனில் சொல்வதெல்லாம் சொன்னவரைப் பொறுத்தவரை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருப்பதில்லை. இன்னொரு நிறுவனத்தில் உங்கள் பேச்சு முன்னேறினால், அதை இழுத்தடிக்கும் நிறுவனத்திடம் நேராகச் சொல்லலாம்: ‘வேறொரு நிறுவனத்தில் இறுதிக் கட்டத்தில் இருக்கிறேன். இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வேலையில் எனக்கு ஆர்வம் இருக்கிறது, அதற்கு முன் உங்கள் முடிவு தெரிந்தால் உதவியாக இருக்கும்.’ இது மிரட்டல் ஆகாது. ஆள் எடுப்பவர்கள் தினமும் பார்க்கும் செய்திதான். உண்மையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொன்னால் ‘வாழ்த்துகள்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

போனவை இரண்டும் போனவையாகவே இருக்க வேண்டியதில்லை. இன்றே இருவருக்கும் மூன்று வரி எழுதுங்கள். அன்று இன்னொரு தேர்வின் நடுவில் இருந்ததால் வர இயலவில்லை, இப்போது தயாராக இருக்கிறேன், அதே பதவியோ அதையொத்த வேறு பதவியோ இருந்தால் பேச விரும்புகிறேன். அவ்வளவே போதும். நீண்ட மன்னிப்போ விளக்கமோ வேண்டாம். அந்தப் பதவிகளும் உங்களுக்கு நேர்ந்ததுபோலவே எங்கோ தேங்கி நிற்கலாம்.

காத்திருக்கும் நாட்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் கேட் ஸ்வீனி இதையே ஆராய்ந்தவர். சட்டப் படிப்பை முடித்து, வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதிவிட்டு, முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்த பட்டதாரிகளை அவர் தொடர்ந்து கவனித்தார். நல்லதே நினைப்பது, நினைக்காமல் இருக்க முயல்வது என்று அவர்கள் செய்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை பதற்றத்தைக் குறைக்கவில்லை. அவரும் உடன் ஆய்வாளர்களும் பின்னர் செய்த ஆய்வுகளில், ஓரளவு சவாலான, நேரம் போவதே தெரியாமல் ஆழ்ந்துவிடக்கூடிய ஒரு வேலையில் ஈடுபட்டவர்களுக்குக் காத்திருப்பு எளிதாக இருந்தது தெரிந்தது. எனவே ‘கவலைப்படாதே’ என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதில் பலன் குறைவு. பொதுவில் கிடைக்கும் ஏதாவது ஒரு தரவுத் தொகுப்பை எடுத்து, உங்களுக்கே விடை தெரிய வேண்டும் என்று தோன்றும் ஒரு கேள்வியை வைத்து ஆராயுங்கள். காத்திருப்பும் கழியும், அடுத்த நேர்காணலுக்கு உங்கள் தாளில் புதிய சம்பவம் ஒன்றும் சேரும். மெயில் பெட்டியை ஒரு நாளில் இரண்டு முறை மட்டும் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்ன தேதி கடந்து மூன்று வேலை நாட்கள் ஆனால் ஒரு மெயில், அதற்கும் ஒரு வாரம் பதில் இல்லையென்றால் இன்னொன்று. அதற்கு மேல் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வேலையைத் தொடருங்கள். பின்னால் வந்தால் வரட்டும்.

காரணம் கேட்டும் ஏன் சொல்லவில்லை என்றால், பல நிறுவனங்கள் எழுத்தில் காரணம் சொன்னால் வழக்கு வரும் என்று அஞ்சுகின்றன. அதனால் எதுவுமே சொல்லக் கூடாது என்று எச்.ஆர். பிரிவுக்கு உத்தரவிட்டு வைத்திருப்பார்கள். காரணம் சொல்லாமல் இருப்பதையாவது புரிந்துகொள்ளலாம். முடிவையே சொல்லாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதற்கென்று சட்டமே கொண்டுவந்துவிட்டது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு ஒருவரை நேர்காணல் செய்தால், கடைசி நேர்காணலிலிருந்து 45 நாட்களுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. எல்லா இடத்திலும் இப்படி ஒரு விதி வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதுவரை கேட்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். ‘ஏன் என்னைத் தேர்வு செய்யவில்லை’ என்ற கேள்விக்கு அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ‘இதுபோன்ற வேலைக்கு நான் இன்னும் எதில் தேற வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று, பேனலில் உங்களோடு நன்றாகப் பேசிய ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள். எச்.ஆருக்கு எழுதுவதைவிட அங்கே பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டால் அதோடு விடுங்கள்.

ஐந்து சுற்று என்று அழைத்திருக்கும் புதிய நிறுவனத்துக்குப் போங்கள். முன்கூட்டியே எத்தனை சுற்று என்று சொல்லியிருப்பதே நல்ல அறிகுறி. முந்தையவர்கள் உங்களிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன் இப்படி ஒரு மெயில் அனுப்புங்கள்:

‘அழைப்புக்கு நன்றி. தேர்வில் கலந்துகொள்ள ஆர்வமாக இருக்கிறேன். ஐந்து சுற்றுகளிலும் எதைப் பற்றிப் பேசுவோம், யார் யாரைச் சந்திப்பேன், அசைன்மென்ட் உண்டா, மொத்தமும் எந்தத் தேதிக்குள் முடியும் என்று தெரிவித்தால் தயாராக வர உதவும். இரண்டு சுற்றுகளை ஒரே நாளில் வைக்க முடிந்தாலும் எனக்கு வசதிதான். இந்தப் பதவிக்கான ஒப்புதல் முடிந்துவிட்டதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.’

கடைசி வாக்கியத்தைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். ஒப்புதல் ஆகாத பதவிக்கு ஆள் தேடுவதால்தான் பாதி இழுபறிகள் வருகின்றன என்பது என் அனுபவம். தெளிவான பதில் வந்தால் முழு மனதோடு தயாராகுங்கள். ‘அதெல்லாம் பின்னால் பார்க்கலாம்’ என்று வந்தால் போகலாம், ஆனால் உங்கள் தேடலில் அதற்குக் கடைசி இடம்தான். சொன்ன ஐந்துக்கு மேல் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தால், அதில் புதிதாக எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். காரணம் இருந்தால் சொல்வார்கள். காரணமும் இல்லாமல் தேதியும் மாறிக்கொண்டே இருந்தால், ‘வேறு வாய்ப்புகளைத் தொடர்கிறேன், நன்றி’ என்று இரண்டு வரியில் விலகிக்கொள்ளலாம். விலகும் உரிமை அவர்களுக்கு இருப்பதுபோல உங்களுக்கும் இருக்கிறது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: பயிற்சிக் கட்டணம், டெபாசிட், லேப்டாப்புக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் எந்தச் சுற்றில் பணம் கேட்டாலும், அசல் சான்றிதழ்களைக் கொடுத்து வைக்கச் சொன்னாலும், அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். நேர்மையான வேலைக்கு விண்ணப்பித்தவர் பணம் கட்டுவதில்லை. நீண்ட தேர்வால் களைத்துப்போனவர்கள் ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்று நினைத்துத்தான் இதில் சிக்குகிறார்கள்.

பழைய நிறுவனத்தில் மறுபடி விண்ணப்பிக்கலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். கடைசிச் சுற்று வரை வந்து விடுபட்டவர்களின் பெயரைப் பலரும் தனியாக வைத்திருப்பார்கள், அடுத்த இடம் காலியாகும்போது முதலில் அங்கேதான் தேடுவார்கள். ஒரு ஆறு மாதம் போகட்டும். அவர்களே அழைத்தாலும் நீங்களாக விண்ணப்பித்தாலும், முதல் பேச்சிலேயே முன்பு எந்தெந்தச் சுற்றுகளை முடித்தீர்கள் என்று சொல்லி, ஆன்லைன் தேர்வையும் டெக்னிக்கல் சுற்றுகளையும் மறுபடி எழுத வேண்டுமா என்று கேளுங்கள். ‘முதலிலிருந்து எல்லாம்’ என்றால் அன்றைக்கு உங்கள் கையில் வேறு என்ன வாய்ப்பு இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ‘மேனேஜரையும் டைரக்டரையும் மட்டும் பார்த்தால் போதும்’ என்றால், உங்கள் தாளில் சேர்ந்திருக்கும் புதிய சம்பவங்களோடு போய் உட்காருங்கள்.